பத்து நிமிடத்தில் சூடாகிவிடுமா? குளிர்கால சைக்கிள் உடை பற்றி ஒரு விவாதம்

மலையேறி:
குளிரில் சைக்கிளில் வேலைக்குப் போக என்ன உடுத்துவது என்று புதியவர் ஒருவர் கேட்டார். அதற்கு 'பழைய செயின்' எழுதிய பதில்: "கிளம்பும்போது குளிர வேண்டும். பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. உடம்பு என்றால் எது? மார்பும் தொடையும் மட்டுமா? விரல் உடம்பில் சேர்த்தி இல்லையா? தொடை வேலை செய்கிறது, சூடாகிறது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் விரலுக்கு வேலையே இல்லை. எதிர்க்காற்றை முதலில் வாங்குவதும் அதுதான். பத்து நிமிடத்தில் அது மரத்துப்போகும். அந்த விரலால்தான் பிரேக் பிடிக்க வேண்டும்.

பழைய செயின்:
தம்பி, நான் சொன்னது உடையைப் பற்றி, கையுறையைப் பற்றி அல்ல. நாம் செலவழிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கு பெடலுக்குப் போனாலே பெரிது, மிச்சமெல்லாம் வெப்பம். 150 வாட் மிதிப்பவர் உடம்பில் 450 வாட்டுக்குக் குறையாமல் வெப்பம் உண்டாகிறது. வாசலில் சுகமாக இருந்த ஜாக்கெட் முதல் மேட்டிலேயே வேர்க்க வைக்கும். நனைந்த பனியனோடு இறக்கத்தில் இறங்கிப் பாருங்கள், குளிர் என்றால் என்னவென்று தெரியும். பத்து நிமிடம் என்பது அனுபவக் கணக்கு.

ஊசிநூல்:
முதலில் எத்தனை டிகிரிக் குளிரைப் பற்றிப் பேசுகிறீர்கள்? 8 டிகிரியா, மைனஸ் 8 டிகிரியா? அதைச் சொல்லாமல் சண்டை போட்டு என்ன பயன்? எந்தக் குளிராக இருந்தாலும் தோலை ஒட்டிய துணிதான் முக்கியம். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாது. மெரினோ கம்பளி தன் எடையில் முப்பது சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. பாலியஸ்டர் ஈரத்தை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். சீக்கிரம் காயும், ஆனால் நாற்றம் பிடிக்கும்.

மலையேறி:
துணியைப் பற்றிப் பிறகு பேசலாம். பத்து நிமிடத்துக்கு வருகிறேன். 150 வாட்டை யார் மிதிக்கிறார்கள்? கேட்டவர் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிறவர். 0 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 6 டிகிரி போல. காற்றே அடிக்காத நாளிலும் ஓட்டுகிற வேகம் ஒரு காற்றைக் கொண்டுவந்துவிடும். இன்னொன்று: நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால் உடம்பு முதலில் கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைத்தான் சுருக்குகிறது. அதாவது நீங்கள் சொன்னபடி குளிரக் குளிரக் கிளம்பினால் விரல்தான் விலை கொடுக்கிறது. உடை வேறு கையுறை வேறு என்று தப்பிக்க முடியாது.

மேலும், நான் உங்களுக்குத் தம்பி அல்ல.

பழைய செயின்:
மரியாதைக்குத் தம்பி என்றேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். குளிரில் சைக்கிள் ஓட்டுவது என்னவென்று தெரிய வேண்டுமா? 1980இல் பெல்ஜியத்தின் லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் சைக்கிள் பந்தயம் கொட்டும் பனிப்பொழிவில் நடந்தது. 174 பேர் கிளம்பி 21 பேர்தான் முடித்தார்கள். பெர்னார்ட் இனோ ஒன்பது நிமிடத்துக்கு மேல் முந்தி ஜெயித்தார். எப்படி? மிதித்தார், சூடானார்.

மலையேறி:
மிச்சக் கதையையும் சொல்லுங்கள். அந்த நாளுக்குப் பிறகு அவருடைய இரண்டு விரல்கள் பழைய நிலைக்கு வரவே இல்லை. குளிர் பட்டால் இன்றும் தொல்லைதான். ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் ஜெயித்தவர் அவர். அவர் விரலே பத்து நிமிடத்தில் சூடாகவில்லை. என் வாதத்துக்கு நீங்களே சாட்சி கொண்டுவருகிறீர்கள்.

1988இல் இத்தாலியின் ஜிரோ சைக்கிள் பந்தயத்தில், காவியா மலைக் கணவாயின் பனிப்பொழிவில் அமெரிக்க வீரர் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் எப்படித் தப்பித்தார்? அவருடைய அணி அன்று காலையிலேயே பனிச்சறுக்குக் கடைக்குப் போய்த் தடித்த கையுறையும் கம்பளித் துணியும் வாங்கி வைத்தது. அந்த ஜிரோவை ஜெயித்தவர் அவர்தான்.

விளக்குத்திரி:
மலையேறிக்கு எப்போதும் இதே வழக்கம். போன மாதம் முன்விளக்கு பற்றிய பேச்சிலும் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விடவில்லை. அன்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. பழைய செயின் சொல்வது சரி. ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள், சூடானால் இறக்குங்கள். இதற்கு இவ்வளவு பேச்சா?

மலையேறி:
விளக்கைப் பற்றி அன்றே பதில் சொன்னேன், நீங்கள் படிக்கவில்லை. ஜிப்புக்கு வருகிறேன். மரத்த விரலால் ஜிப்பை இறக்கிப் பார்த்திருக்கிறீர்களா? அந்தச் சின்ன இழுப்பு விரலுக்கு நடுவில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. கையுறை நுனியைப் பல்லால் கடித்து உருவி, ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு கழுத்தடியில் தடவ வேண்டும். பிரேக்கும் அப்படித்தான்: பிடிப்பது தெரியும், எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. இந்த நிலையில்தான் புதியவரை ரோட்டுக்கு அனுப்புகிறீர்கள்.

ஊசிநூல்:
இரண்டிரண்டு விரலாகச் சேர்ந்து போகும் கையுறை இருக்கிறது. ஹேண்டில்பாரிலேயே மாட்டிவிடும் பெரிய உறையும் இருக்கிறது. அதற்குள் மெல்லிய கையுறையே போதும். காலுக்கும் ஒன்று சொல்கிறேன்: இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு காலுறை திணிக்காதீர்கள். ரத்த ஓட்டம் தடைப்பட்டு முன்பைவிடக் குளிரும். மேலே ஷூ உறை போடுங்கள். டிகிரி எத்தனை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

பழைய செயின்:
டிகிரி எதற்கு? எந்தக் குளிரானாலும் உடம்பு ஒன்றுதானே. சரி, கையுறை எவ்வளவு வேண்டுமானாலும் தடிமனாகப் போடட்டும், நான் தடுக்கவே இல்லை. ஜாக்கெட் பற்றி நான் சொன்ன பத்து நிமிடத்தை இவரால் மறுக்க முடியவில்லை. அதனால்தான் விரலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். வியர்வைக்கு இன்னும் பதில் வரவில்லை.

மலையேறி:
வியர்வைக்குப் பதில்: முன்பக்கம் காற்றை நிறுத்தி முதுகில் ஆவியை வெளியே விடும் ஜாக்கெட். மார்பு குளிராது, முதுகு நனையாது. குளிர்ந்துகொண்டு கிளம்ப வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டிவிட்டு, வேர்க்கிறது என்று எல்லோருக்கும் உபதேசம் செய்கிறீர்கள்.

பழைய செயின்:
நான் மழைக்கோட்டு போடுகிறேன் என்று எங்கே எழுதினேன்? காட்டுங்கள்.

விளக்குத்திரி:
பார்த்தீர்களா, சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வதுதான் இவர் வேலை. அன்றும் இதையேதான் செய்தார்.

மலையேறி:
மழைக்கோட்டை விடுங்கள். ஒரே கேள்வி: மிதிக்காத விரல் எந்த வெப்பத்தில் பத்து நிமிடத்தில் சூடாகும்? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

பழைய செயின்:
நான் விரல் என்று எழுதவே இல்லை. உடம்பு என்றுதான் எழுதினேன். மேலே போய்ப் படியுங்கள்.