மாற்று இணைப்பிலேயே நுழையும் உள்வரும் போக்குவரத்து: பிஜிபி உதவி தேவை

வணக்கம். எங்கள் பெங்களூரு அலுவலகத்தின் சிஸ்கோ ஐஎஸ்ஆர் 4331 ரவுட்டர், இரு வேறு இணையச் சேவை நிறுவனங்களுடன் பிஜிபி (வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழிகளை அறிவிக்கும் நெறிமுறை) வழியாக இணைந்துள்ளது. முதன்மை இணைப்பு 200 எம்பிபிஎஸ், மாற்று இணைப்பு 50 எம்பிபிஎஸ். வெளிச்செல்லும் போக்குவரத்தில் சிக்கல் இல்லை. முதன்மை வழிக்கு லோக்கல் பிரிஃபரன்ஸை (ஒரு வழிக்கு நாம் தரும் முன்னுரிமை எண்; கூடுதலானதே தேர்வாகும்) 200 ஆக உயர்த்தியதும் சொன்னபடி கேட்கிறது. உள்வருவதோ மூன்று வாரங்களாகப் பெருமளவு மாற்று இணைப்பிலேயே நுழைவதால், காலை பத்து மணிக்கெல்லாம் அதன் வரைபடம் 50-ஐத் தொட்டுத் தட்டையாகிவிடுகிறது.

மாற்று வழியில் எங்கள் ஏஎஸ் எண்ணை (இணையத்தில் எங்கள் வலையமைப்பின் அடையாள எண்) முதலில் மூன்று முறையும் பிறகு ஆறு முறையும் கூடுதலாகச் சேர்த்து, பாதை நீளமாகத் தெரியும்படி அறிவித்துப் பார்த்தேன். மாற்று நிறுவனம் தன் வாடிக்கையாளர் வழிகளுக்கு லோக்கல் பிரிஃபரன்ஸை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். ஏஎஸ் பாதையின் நீளத்துக்கு முன்பே அது ஒப்பிடப்படுவதால் பயனில்லை. வெவ்வேறு ஏஎஸ்களுக்கிடையே மெட் மதிப்பு (எந்த இணைப்பில் நுழைவது நல்லது என்று அண்டை வலையமைப்புக்குச் சொல்லும் எண்) பொதுவாக ஒப்பிடப்படாது என்று தெரிந்தும் (ஆசை யாரை விட்டது) அதையும் முயன்றேன். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு /24 (256 ஐபி முகவரிகளின் தொகுதி). அதைப் பிரித்து /25 ஆக அறிவித்தால் பெரும்பாலானோர் வடிகட்டிவிடுவார்கள். கம்யூனிட்டி வசதி (அவர்கள் தரும் முன்னுரிமையை மாற்றச் சொல்லி வழியோடு நாங்கள் அனுப்பும் குறிச்சொல்) இல்லை என்று மாற்று நிறுவனம் எழுத்திலேயே தெரிவித்துவிட்டது.

எஞ்சியிருப்பது, முதன்மை அறுந்தால் மட்டும் மாற்று வழியில் அறிவிக்கும் நிபந்தனை அறிவிப்புதான். இரு நிறுவனங்களும் டிஃபால்ட் ரூட் (வேறு வழி தெரியாத எல்லா முகவரிகளுக்குமான பொது வழி) மட்டுமே தரும் நிலையில், நான்-எக்ஸிஸ்ட்-மேப்பில் (எந்த வழி இல்லாமல் போனால் அறிவிக்க வேண்டும் என்று குறிக்கும் அமைப்பு) முதன்மையின் டிஃபால்ட் ரூட்டை ஏஎஸ் பாதையைக் கொண்டு அடையாளம் கண்டு கண்காணித்தால் போதுமா, அல்லது அவர்களிடம் வேறொரு முன்னொட்டை (ஐபி முகவரித் தொகுதிக்கான வழியை) கேட்டுப் பெற்று அதைக் கண்காணிக்க வேண்டுமா?