எறும்பா, யானையா: யாருக்குப் பலம் அதிகம்?

கானகன்:
எறும்பு தன் எடையைப் போல் பத்து மடங்கு சுமையைத் தூக்கும். சில இனங்கள் அதற்கு மேலும் தூக்கும். ஆறு டன் யானையால் இன்னொரு யானையைச் சுமக்க முடியுமா? எறும்புதான் பலசாலி. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

தாமரைச்செல்வி:
நிறைய இருக்கிறது நண்பரே. உடலின் நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். தசையின் வலிமையோ அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அது நான்கு மடங்குதான் கூடும். எலும்புகளை வைத்து 1638லேயே கலிலியோ இதை விளக்கிவிட்டார். எறும்பை யானை அளவுக்கு வளர்த்தால், சுமை கிடக்கட்டும், தன் காலில்கூட நிற்காது. உடம்பில் உள்ள துளைகள் வழியாக மூச்சு விடும் ஏற்பாடும் போதாது. யானை மரத்தையே முறிக்கிறது. பலம் என்றால் அதுதான்.

கானகன்:
சரி, மரத்துக்கே வருவோம். கென்யாவின் லைக்கிப்பியாவில் ஒருவகை வேல மரம் உண்டு. அதன் முட்கள் அடியில் உருண்டையாக உப்பியிருக்கும், உள்ளே வெற்றிடம். அதில்தான் எறும்புகள் குடியிருக்கின்றன. யானை கிளையைத் தொட்டால் கூட்டமாகப் பாய்ந்து, துதிக்கைக்குள் புகுந்து கடிக்கும். வளர்ப்பு யானைகளிடம் சோதித்தார்கள்: எறும்பை நீக்கிய கிளையைச் சாப்பிட்டன, வழக்கமாக விரும்பித் தின்னும் வேறொரு மரத்தின் கிளையில் எறும்பை ஏற்றிக் கொடுத்தால் ஒதுங்கின!

தாமரைச்செல்வி:
துதிக்கையின் உள்பக்கம் மென்மையானது, அதனால் ஒதுங்குகிறது. வலிக்கு ஒதுங்குவதைப் பலத்தில் தோற்றதாக எப்படி எடுத்துக்கொள்வது?

குமரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அதே பகுதிக்குப் பெருந்தலை எறும்பு என்ற அயல் இனம் வந்து, காவல் எறும்புகளைக் கொன்றுவிட்டது. அப்புறம் யானைகள் மரங்களைச் சரமாரியாக முறித்தன. வெட்டவெளியானதும் சிங்கம் பதுங்க மறைவில்லை. ஒல் பெஜெட்டா காப்பகத்தில் சிங்கங்கள் கொன்ற இரையில் வரிக்குதிரையின் பங்கு 2003இல் 67 சதவீதம். 2020இல் 42 சதவீதம்தான். அந்த இடத்தை எருமை பிடித்தது. 2024இல் வெளியான ஆய்வு இது.

தாமரைச்செல்வி:
பாருங்கள், காட்டை வெட்டவெளியாக்கியது யானைதானே? அயல் எறும்பு ஒரு மரத்தையும் சாய்க்கவில்லை. சிங்கங்களின் எண்ணிக்கையும் குறையவில்லை.

கானகன்:
சாய்த்தது யானைதான், மறுக்கவில்லை. ஆனால் அத்தனை காலம் அதே யானைகள் அதே மரங்களுக்கு நடுவே திரிந்தும் சாய்க்காமல் விட்டது யாரால்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு டன் கணக்கைப் பேசுங்கள்.