மினி ஃப்ரிட்ஜ்: மேலே தயிர் உறையுது, கீழே பால் திரியுது. எந்த நம்பர்ல வைக்கணும்?

மாடியறை:
45 லிட்டர் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். நாப்ல 0 முதல் 7 வரை இருக்கு, இப்போ 7. ஐஸ் பெட்டிக்கு அடியில வெச்ச தயிர் கல்லு மாதிரி ஆயிடுது. கதவுல வெச்ச பாக்கெட் பால் மறுநாள் காய்ச்சினா திரியுது. மொட்டை மாடிக்கு நேர் கீழ் ரூம், மதியம் அனல். 7-னா 7 டிகிரியா? குறைக்கணுமா, கூட்டணுமா?

காயில்_கம்ப்ரசர்:
7 டிகிரி இல்ல சார். நம்பர் ஏற ஏறக் குளிர் கூடும், 0-ல கம்ப்ரசர் நின்னுடும். குளிரைப் பார்த்து கம்ப்ரசரை ஓட்டி நிறுத்துற தெர்மோஸ்டாட்டோட குழாய் நுனி ஐஸ் பெட்டித் தகட்டுல ஒட்டியிருக்கும். அது பார்க்கிறது தகட்டோட குளிரை. பால் எப்படி இருக்குன்னு அதுக்குத் தெரியாது. வெயில்ல 7 வெச்சா கம்ப்ரசர் கட்-ஆஃப் ஆகாம ஓடும், தகட்டுல பனி ஏறிக்கிட்டே போகும். அரை சென்டிமீட்டர் தாண்டினா அந்தப் பனியே போர்வை ஆயிடும், தகட்டுக் குளிர் கீழே இறங்காது. தகட்டை ஒட்டி இருக்கிற தயிர் உறையும், கீழ்த்தட்டும் கதவும் சூடாவே இருக்கும்.

முதல்ல பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்துவெச்சு, பனி முழுசா உருகட்டும். அவசரம்னா உள்ளே ஒரு கிண்ணம் வெந்நீர் வைங்க. கத்தி, ஸ்க்ரூடிரைவர் போட்டுக் குத்தாதீங்க. தகடு ஓட்டையாச்சுன்னா கேஸ் போயிடும். அதோட, இப்போ வர்ற பல மாடல்கள்ல இருக்கிற ஆர்600ஏ கேஸ் தீப்பிடிக்கக்கூடியது. துடைச்சுட்டு 4-ல வைங்க. ஒருமுறை ஆஃப் பண்ணினா 5 நிமிஷம் விட்டுத்தான் திரும்பப் போடணும், இல்லன்னா கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகத் திணறும்.

தெர்மாமீட்டர்:
4 என்பது தொடக்கம்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் கதவைத் திறந்த உடனே பாருங்கள். 3 அல்லது 4 டிகிரி காட்டினால் கை வைக்க வேண்டாம். 5-க்கு மேல் என்றால் அரை எண் கூட்டுங்கள், 2-க்குக் கீழே என்றால் அரை எண் குறையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 24 மணி நேரம் கொடுக்க வேண்டும். மணிக்கொரு தரம் திருகினால் ஒன்றும் பிடிபடாது. வெறும் காற்றை அளக்காதீர்கள், கதவைத் திறந்ததுமே அது ஏறிவிடும்.

பாலைக் கதவில் வைப்பதை விடுங்கள். எந்த எண்ணில் வைத்தாலும் கதவுதான் அதிகம் சூடாகும் இடம். பால் நடுத்தட்டில் உள்பக்கம் போகட்டும், ஊறுகாயும் தண்ணீர் பாட்டிலும் கதவுக்கு வரட்டும். தயிரை ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு தட்டு இறக்குங்கள். சூடான குழம்பை அப்படியே உள்ளே தள்ளினால் மேற்படி கணக்கெல்லாம் வீண்.

காயில்_கம்ப்ரசர்:
இன்னும் ரெண்டு. பின்பக்கம் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி வைங்க. கதவு ரப்பர்ல ஒரு பேப்பரை வெச்சு மூடி இழுத்துப் பாருங்க; எதிர்ப்பே இல்லாம வந்தா ரப்பர் போச்சு. பின்னாடி ஸ்டிக்கர்ல கிளைமேட் கிளாஸ் 'என்'னு இருந்தா 32 டிகிரி ரூம் வரைக்கும்தான் அதோட கணக்கு. 'எஸ்டி' 38, 'டி' 43. உங்க ரூமுக்கு 'டி' வேணும். கம்ப்ரசரே இல்லாம, மின்சாரம் பாயுற ஒரு தகட்டால மட்டும் குளிராக்குற சின்ன பெல்டியர் பெட்டியா இருந்தா நம்பரைப் பத்திப் பேசியே பிரயோஜனமில்ல. அது ரூம் சூட்டிலிருந்து 15, 20 டிகிரிதான் இறக்கும். பாலுக்கு ஆகாது.

மாடியறை:
ஸ்டிக்கர்ல 'டி'தான் இருக்கு. பனி ஒரு விரல் தடிமன், உருக விட்டிருக்கேன். இதுல அம்மாவோட இன்சுலின் வைக்கலாமா?

தெர்மாமீட்டர்:
திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. அதைவிட முக்கியம், உறையவே கூடாது. ஒருமுறை உறைந்தது உருகினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். தண்ணீர் டம்ளர் தொடர்ந்து சில நாள் 3, 4 டிகிரியில் நிற்கிற வரை இதில் வைக்காதீர்கள். அதன்பிறகும் ஒரு மூடி போட்ட டப்பாவில், நடுத்தட்டில், ஐஸ் பெட்டியும் பின்சுவரும் படாமல் வையுங்கள்.