டெக்னிக்கல் டெட்: நிரல் பாக்கியா, நிரற்கடனா?

வணக்கம்.

அவசரத்துக்கு ஒட்டுப்போட்டு எழுதிய நிரலை (கணினி கோடு) பின்னால் சரிசெய்ய வேண்டிய சுமைதான் ‘டெக்னிக்கல் டெட்’. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குத் ‘தொழில்நுட்பக் கடன்’ என்று போட்டால், எந்திரம் வாங்க வங்கி தரும் கடன் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். அமெரிக்க நிரலர் வார்ட் கன்னிங்ஹாம் 1992-இல் சொன்ன உவமை வேறு: கொஞ்சம் கடன் வேலையை விரைவாக்கும், சீக்கிரமே திருத்தி எழுதி அடைத்துவிட்டால். ‘நிரல் பாக்கி’ என்று வைக்கலாம். பாக்கி வைத்தல், பாக்கி தீர்த்தல் என வினையும் கூடவே வரும்.

எல்லையோரக் கடைகளின் பில் மென்பொருளைப் பாருங்கள். 2019 ஆகஸ்ட் 1 முதல் 1 சதவீதம் கேரள வெள்ள செஸ் (ஜிஎஸ்டிக்கு மேல் ஒரு கூடுதல் வரி). கேரளத்துக்குள் ஜிஎஸ்டி பதிவில்லாதவருக்கு விற்றால் உண்டு. கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி போகும் சரக்குக்கு இல்லை. இதற்கு வரி வீத அட்டவணை ஒன்று வேண்டும்: தொடங்கும் நாள், முடியும் நாள், யாருக்கு. ‘ஒன்றாம் தேதி கடையில் ஓடணும், அட்டவணை அப்புறம்’ என்று மேலாளர் நெருக்கினால், விற்பனை, சரக்குத் திருப்பம், மறு அச்சு மூன்றின் நிரலிலும் அந்த 1 சதவீதம் 0.01 என்று நேராக ஒட்டப்படும்.

2021 ஜூலை 31-உடன் செஸ் முடிந்தது. ஒட்டியதை எடுத்தால், ஜூலையில் விற்று ஆகஸ்டில் திரும்பும் பொருளுக்குப் பணம் குறைத்துத் தரப்படும். பழைய பில்லை மறுபடி அச்சிட்டால் கூட்டுத்தொகை மாறும். எடுக்காவிட்டால், இல்லாத வரியை வாடிக்கையாளர் கட்டுவார். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி வீதங்கள் மாறியபோதும் அதே மூன்று இடத்தைத் தோண்ட வேண்டும். அதுதான் வட்டி.

— கொழிஞ்சாம்பாறையிலிருந்து

> ‘நிரல் பாக்கி’ என்று வைக்கலாம்.

அண்ணா, தெலுங்கு கேட்டுப் பழகிய எங்களுக்கு ‘பாக்கி’ கடன்தான். உங்கள் பக்கத்து மலையாளக் காதுக்கு அது ‘மிச்சம்’ அல்லவா? இன்னும் தொடங்காத வேலையை ‘நிலுவைப் பணி’ என்கிறோம். கூட்டத்தில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும். நிலுவையில் கிடக்கும் அம்சத்தை அடுத்த மாதம் எழுதினாலும் அதே உழைப்புதான். ஒட்டுப்போட்ட நிரல்மேல் மாதாமாதம் புது நிரல் ஏறிக்கொண்டே போகும், பிரிப்பது கடினமாகும். ஆகவே ‘நிரற்கடன்’ என்பேன். ‘காலைக்கடன்’ போலக் கடமை என்று படலாம். பக்கத்தில் அசல், வட்டி என்று வந்தால் அந்த ஐயம் தீரும்.

கூடவே ‘கடன்சீட்டு’ என்ற சொல்லையும் சேர்க்க வேண்டுகிறேன். எந்தக் கோப்பு, எந்தச் சோதனையை விட்டோம், எந்தத் தேதிக்காக, யார் ஒப்புதல், அடைக்க எத்தனை நாள் என்று ஐந்து வரி. ஒப்புதல் வரி இல்லாவிட்டால் மேலாளர் கேட்ட கடன் நிரலர் தலையில் விழுகிறது. ஆறு மாதம் கழித்து அதற்குப் பெயர் ‘தரமில்லாத வேலை’. இது பெரிய அநியாயம். அசலை ரூபாயில் போட வேண்டாம், நாள்கணக்கில் போடுங்கள். அடுத்த வெளியீட்டுத் திட்டத்தில் அதை அப்படியே ஒதுக்கிவிடலாம்.

— ஆந்திரச் சித்தூரிலிருந்து