வீடு கொழிஞ்சாம்பாறையில், வண்டி டிஎன் 41: இன்சூரன்ஸ் எந்த ஊர்க் கணக்கில் வரும்?

கோபாலபுரம்_ரோடு

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சி. கல்யாணமாகி, கேரளாவில் மனைவியின் ஊரான கொழிஞ்சாம்பாறைக்குக் குடிவந்து 14 மாதம் ஆகிறது, தினமும் காலையில் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சியில் ஒரு நார் மில்லுக்கு வேலைக்குப் போகிறேன், இருட்டினபிறகு திரும்பி வருகிறேன். வண்டி 125 சிசி, 2019ல் புதிதாக எடுத்தது, பொள்ளாச்சி நம்பர். ஆர்.சி. புத்தகத்தில் அக்கா வீட்டு முகவரிதான் இன்னும் இருக்கிறது.

இந்த மாதம் 28ஆம் தேதி இன்சூரன்ஸ் முடிகிறது. பொள்ளாச்சியில் வழக்கமாகப் போடும் கம்பெனியில் கேட்டால் 1,258 ரூபாய் என்றார்கள். இங்கே கொழிஞ்சாம்பாறையில் வேறு கம்பெனிக்கு ஏஜென்டாக இருப்பவரிடம் கேட்டேன், அதே வண்டி, அதே 40,000 ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு), 1,673 ரூபாய் என்கிறார். என் பெயரில் இருக்கும் ஸ்கூட்டரில் 15 லட்சம் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே எடுத்திருப்பதால் அதற்கான கட்டணம் இந்த இரண்டு விலையிலும் சேரவில்லை. மாமனார் சொல்கிறார், கேரள முகவரி என்றாலே அப்படித்தான், இங்கே மழையும் வளைவும் அதிகம், அதனால் கூடுதலாக வாங்குவார்கள் என்று. 415 ரூபாய் எனக்கு இரண்டு வாரத்துப் பெட்ரோல். உண்மையிலேயே ஊரை வைத்துத்தான் இந்த வித்தியாசமா? அப்படியென்றால் அக்கா வீட்டு முகவரியையே கொடுத்துவிடலாமா?

சித்தூர்_பழைய_சர்வேயர்

தம்பி, பாலக்காடு, கோவை இரண்டு பக்கமும் இன்சூரன்ஸுக்காக வண்டிச் சேதம் சர்வே பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் பில்லில் இரண்டு பாகம் இருக்கிறது. ஒன்று தேர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு. அதன் கட்டணத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது, வண்டியின் சிசி மட்டும்தான் கணக்கு. 75க்கு மேல் 150 சிசி வரை 714 ரூபாய், 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணம் இது. கன்னியாகுமரியில் இருந்தாலும் காஷ்மீரில் இருந்தாலும் அதே 714தான்.

இரண்டாவது ஓன் டேமேஜ், நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கும் திருட்டுக்கும். ஊர் எட்டிப்பார்ப்பது இதில் மட்டும்தான். 2002ல் வந்த பழைய டாரிஃபில், அதாவது கட்டணப் பட்டியலில், பைக்குக்கு நாட்டை இரண்டே மண்டலமாகப் பிரித்தார்கள். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா, புனே, அகமதாபாத் ஆகிய எட்டும் ஏ மண்டலம், மற்ற ஊர் எல்லாமே பி. வண்டி எங்கே பதிவாகியிருக்கிறதோ அந்த மண்டலம். பொள்ளாச்சியும் பி, கொழிஞ்சாம்பாறைக்கு உரிய நம்ம பாலக்காட்டுச் சித்தூர் ஆர்டிஓ, கேஎல் 70ம் பி. அப்புறம் எங்கிருந்து வந்தது 415?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து வருடம் தாண்டிய, 150 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு பி மண்டலத்தில் ஐடிவியில் 1.760 சதவீதம். 40,000க்கு 704 ரூபாய். இதையே சென்னைப் பதிவு வண்டிக்கு 1.793 சதவீதம் போட்டால் 717. மண்டலம் மாறினால்கூட மொத்தமே 13 ரூபாய்தான் வித்தியாசம்! இப்போது 714ஐயும் 704ஐயும் கூட்டினால் 1,418, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 1,673. கொழிஞ்சாம்பாறை ஏஜென்ட் சொன்ன தொகை வந்துவிட்டதா? சரி, ஓன் டேமேஜில் பாதியைக் கழியுங்கள். 714ம் 352ம் சேர்ந்து 1,066, ஜிஎஸ்டியோடு 1,258. இது பொள்ளாச்சித் தொகை.

அந்தப் பாதி என்ன தெரியுமா? நோ கிளெயிம் போனஸ். கிளெயிம் எதுவும் வாங்காமல் ஓட்டினால் முதல் வருடம் 20, பிறகு 25, 35, 45, கடைசியில் 50 சதவீதம் வரை ஓன் டேமேஜில் கழிவு உண்டு. பழைய கம்பெனிக்கு உங்கள் கணக்கு தெரியும், கழித்துவிட்டார்கள். புதுக் கம்பெனி ஏஜென்ட் கேட்கவும் இல்லை, நீங்கள் சொல்லவும் இல்லை என்று நினைக்கிறேன். பழைய பாலிசியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். போனஸ் வண்டிக்கோ கம்பெனிக்கோ சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம், கம்பெனி மாறினாலும் கூடவே வரும். ஆனால் பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டால் அத்தனையும் போய்விடும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். 2007 ஜனவரி முதல் ஓன் டேமேஜுக்குக் கம்பெனிகள் தங்கள் விருப்பப்படி விலை வைக்கலாம் என்று ஆகிவிட்டது. திருட்டும் விபத்தும் அதிகம் வரும் ஆர்டிஓ என்று ஒரு கம்பெனி நினைத்தால் தள்ளுபடியைக் குறைக்கும், இன்னொரு கம்பெனி அதே ஊருக்கு அள்ளிக் கொடுக்கும். அதனால் நாலு இடத்தில் கேட்பது நல்லது. அக்கா வீட்டு முகவரி விஷயம் வேண்டவே வேண்டாம் தம்பி. ப்ரொபோசலில், அதாவது இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில், சொல்வதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடுகிறோம். வண்டி ராத்திரி கொழிஞ்சாம்பாறை வீட்டு வாசலில் காணாமல் போய், எஃப்ஐஆர் இங்கே பதிவாகி, பாலிசியில் மட்டும் பொள்ளாச்சி முகவரி இருந்தால் கிளெயிம் பார்க்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

நகரி_டு_சென்னை

அண்ணா, எனக்கு இதற்கு நேர் எதிரான கதை. வீடு நகரி, வண்டி ஆந்திரப் பதிவு, வேலை சென்னை. வாரம் முழுக்க வண்டி வேளச்சேரியில் நான் தங்கியிருந்த மேன்ஷன் வாசலில்தான் நிற்கும். பதிவு ஆந்திரா என்பதால் பி மண்டலம். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீருக்கு பதிவும் மண்டலமும் தெரியுமா, சீட் வரை மூழ்கிவிட்டது.

ஓன் டேமேஜ் இருந்தால் வெள்ளச் சேதம் அதில் அடங்கும், எனக்கும் இருந்தது. நான் செய்த தப்பு, தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தேன். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சொல்லி இன்ஜின் செலவை மறுத்துவிட்டார்கள், வயரிங்குக்கும் மற்றதுக்கும்தான் பணம் வந்தது. தண்ணீர் ஏறின வண்டியைத் தயவுசெய்து தொடாதீர்கள், போட்டோ எடுத்துவிட்டு அப்படியே தள்ளிக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் விடுங்கள். ஐந்து பத்து மிச்சம் பிடிக்க ஓன் டேமேஜையே எடுக்காமல் வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் போடுகிறவர்கள் எங்கள் மேன்ஷனில் நிறையப் பேர், அவர்களுக்கு ஒரு பைசா வரவில்லை.

செங்கோட்டை_அம்மா

சர்வேயர் அய்யா விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள், எனக்கும் பல விஷயம் இப்போதுதான் புரிந்தது. எல்லையில் இருக்கிறவர்கள் பயப்படும் இன்னொன்றைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் ஆரியங்காவு பக்கம் வளைவில் பைக்கில் வரும்போது எதிரே வந்த கேரள வண்டி இடித்து, கால் முறிந்து இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார். நட்டஈடு கேட்க ஒவ்வொரு வாய்தாவுக்கும் கேரளாவுக்கு அலைய வேண்டுமோ என்று அழுதுகொண்டிருந்தேன். வக்கீல்தான் சொன்னார், விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நாம் குடியிருக்கும் ஊருக்கு உரிய தீர்ப்பாயத்திலும் போடலாம், மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவிலேயே இருக்கிறது என்று. பாலிசியும் இந்தியா முழுக்கச் செல்லும், மாநிலம் தாண்டினால் செல்லாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

தம்பி, கம்பெனி மாற்றுவதென்றால் விலையோடு இதையும் கேளுங்கள்: பணம் கட்டாமல் வேலை பார்த்துத் தரும் ஒர்க்‌ஷாப் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறதா? எங்களுக்குப் பாலிசி விற்ற கம்பெனிக்கு அப்படி ஒரு கடை திருநெல்வேலியில்தான் இருந்தது. உடைந்த வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி அவ்வளவு தூரம் அனுப்பினோம், வாடகை கைக்காசு.

கோபாலபுரம்_ரோடு

அய்யா, நீங்கள் சொன்னபடியே பழைய பாலிசியை எடுத்துக்கொண்டு போனேன். போனஸ் 50 சதவீதம் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது, நான்தான் இத்தனை வருடமாகப் பார்க்கவில்லை. ஏஜென்ட் திரும்பக் கணக்குப் போட்டார், சரியாக 1,258 வந்தது. மாமனாரிடமும் காட்டினேன். இங்கேயே போடலாம் என்று இருக்கிறேன், ஒர்க்‌ஷாப் சித்தூரில் இருக்கிறதாம். 14 மாதம் ஆகிவிட்டதே, நம்பர் மாற்ற வேண்டுமா?

சித்தூர்_பழைய_சர்வேயர்

மாற்றத்தான் வேண்டும் தம்பி. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது 47ஆம் பிரிவு. ஆனால் வரிசையை மாற்றிவிடாதீர்கள். முதலில் 28ஆம் தேதிக்குள் இன்சூரன்ஸ் போடுங்கள், ஏனென்றால் பொள்ளாச்சி ஆர்டிஓவில் என்ஓசிக்கு, அதாவது தடையின்மைச் சான்றுக்கு, படிவம் 28 கொடுக்கும்போது நடப்பு இன்சூரன்ஸ் கேட்பார்கள். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில் கோபாலபுரத்தில் மாட்டினால் முதல் தடவையே 2,000 ரூபாய் அபராதம், அதுவும் உண்டு. பாலிசி எடுக்கும்போதே கொழிஞ்சாம்பாறை முகவரியைக் கொடுத்துவிடுங்கள். கேரள நம்பர் கிடைத்ததும் புது ஆர்.சி. நகலைக் கம்பெனிக்குக் கொடுத்து பாலிசியில் நம்பரை மாற்றி வாங்குங்கள், போனஸ் அப்படியே இருக்கும். கேரளாவில் சாலை வரி தனியாகக் கட்ட வேண்டிவரும், தமிழ்நாட்டில் கட்டியதில் மிச்சக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம், பழைய வரி ரசீது அக்கா வீட்டில் இருந்தால் இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.