ஒரே கார், அதையும் மின்சாரத்திலேயே எடுக்கலாமா? கோவை அடுக்ககக் குடும்பத்துக்கு எது சரி

நொய்யல்கரை:
பேச வசதியாக ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். கோவையில் அடுக்ககத்தில் இருக்கும் நாலு பேர் குடும்பம். வீட்டுக்கு ஒரே கார். மாத ஓட்டம் 1,000 கி.மீ. அவ்வப்போது ஊட்டி, வருசத்துக்கு மூணு நாலு தடவை சென்னை. டாடாவின் மின்சாரக் காரான நெக்ஸான் இவியில் 45 கிலோவாட்-அவர் (அதாவது 45 யூனிட்) பேட்டரி உள்ளதை எடுக்கலாமா, 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றை எடுக்கலாமா?

நான் மின்சாரத்தின் பக்கம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்றும், ஊருக்குள் 14 கி.மீ. மைலேஜ் என்றும் வைத்தால் மாதம் 7,200 ரூபாய். மின்சாரக் கார் சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. ஓடும், சார்ஜிங் இழப்பும் இதில் சேர்த்தி. 143 யூனிட் ஆகும். யூனிட் 5 ரூபாய் என்றால் மாதச் செலவு 715 ரூபாய்தான். கார் கடனுக்குக் கட்டும் வட்டியில் வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவில் வரிச்சலுகையும் இருக்கிறது.

நாலாம்கியர்:
இரண்டும் தப்புங்க. 80இஇபி சலுகை 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடனுக்கு மட்டும்தான். இன்று எடுக்கும் கடனுக்குக் கிடையாது.

அடுத்தது யூனிட் விலை. நம் ஊரில் இரண்டு மாதக் கணக்கு. வீடு ஏற்கெனவே 400 யூனிட் ஓட்டுகிறது என்றால் காருக்கான 286 யூனிட் அதன் தலைமேல்தான் ஏறும். 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான பாதிக் கட்டணம் போய்விடும். 600க்கு மேல் யூனிட் 9 ரூபாயைத் தாண்டுகிறது, 800க்கு மேல் 10ஐ, 1,000க்கு மேல் 11ஐ. கூட்டிக் கழித்தால் காருக்குப் போகும் மின்சாரம் யூனிட் சுமார் 9 ரூபாய். இரண்டு ஏசி ஓடும் வீடாக இருந்தால் 11க்கு மேலேயே போகும்.

நொய்யல்கரை:
வரி விஷயத்தில் நான் சொன்னது பழைய தகவல், ஒப்புக்கொள்கிறேன். யூனிட் 9 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 1,290. மிச்சம் 5,900, வருசத்துக்கு 71,000. ஆயில், ஆயில் பில்டர், ஸ்பார்க் பிளக் செலவும் இல்லை. ஆன்ரோடு விலையில் 4 லட்சம் வித்தியாசம் என்றாலும் ஐந்தரை வருசத்தில் ஈடாகிவிடும். பேட்டரிக்கு நீண்ட வாரண்டியும் இருக்கிறது.

நாலாம்கியர்:
அந்த 4 லட்சத்துக்கு வட்டி யார் கட்டுவது? 9 சதவீதம் என்றால் முதல் வருசம் மட்டும் 36,000. மிச்சத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கிவிட்டது. மின்சாரக் காருக்கு முன்பும் 5, இப்போதும் 5. இடைவெளி கூடியதே தவிர குறையவில்லை. மாதம் 500 கி.மீ. ஓடும் வீட்டுக்கு மிச்சம் 3,000தான். 4 லட்சத்தை எடுக்க வட்டியில்லாமலே 11 வருசம் ஆகும். பள்ளிக்கூடம், கடைவீதி, ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று ஓட்டும் குடும்பங்கள் நிறைய. அவர்களைக் கணக்குக் காட்டி இழுக்காதீர்கள்.

ஒயரிங்மணி:
இரண்டு பேரும் ரூபாயிலேயே நிற்கிறீர்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது பார்க்கிங்கில் இருக்கும் பிளக் பாயின்ட்.

காரோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர் 14 ஆம்பியர் வரை இழுக்கும். வாட்டர் ஹீட்டரும் அதே அளவு இழுக்கும், ஆனால் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். கார் விடிய விடிய 10, 12 மணி நேரம் இழுக்கும். சாதாரண 15 ஆம்பியர் சாக்கெட்டில் ஸ்க்ரூ ஒரு சுற்று தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடேறும். சூட்டில் பித்தளை இன்னும் தளரும், தளர்ந்தால் சூடு இன்னும் கூடும். பேஸ் (கரண்ட் வரும்) துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தால் அன்றைக்கே சாக்கெட்டை மாற்றிவிட வேண்டும். நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், மீட்டரிலிருந்து தனி லைன். இதில் குறைக்க வேண்டாம். 45 கிலோவாட்-அவர் பேட்டரி இதில் முழுதாக ஏற 15 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆனால் தினம் 35 கி.மீ. ஓட்டத்துக்கு இரவில் இரண்டு மணி நேரம் ஏற்றினாலே போதும்.

சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் சார்ஜர் (வால்பாக்ஸ்) என்றால் 32 ஆம்பியர். 6 ஸ்கொயர் எம்எம் காப்பர், 40 ஆம்பியர் இரண்டு போல் எம்சிபி (லோடு மீறினால் விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் டைப் ஏ ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்). கடையில் சும்மா கேட்டால் டைப் ஏசி கொடுப்பார்கள், அது போதாது. கார் சார்ஜரிலிருந்து கசியும் மின்னோட்டத்தில் டிசி கலந்திருக்கும், டைப் ஏசி அதைச் சரியாகக் கண்டுபிடிக்காது. வால்பாக்ஸுக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் டைப் பி போட வேண்டும், விலை அதிகம்.

த்ரீ பேஸ் வீடாக இருந்தாலும் இந்த 32 ஆம்பியர் ஒரே பேஸில்தான் உட்காரும். அந்தப் பேஸில் ஹீட்டரும் ஏசியும் இருக்கக் கூடாது. ஈபியில் வாங்கிய லோடு 3 அல்லது 5 கிலோவாட் என்றால் முதலில் அதை உயர்த்த விண்ணப்பம் போடுங்கள்.

எர்த் சரியில்லை என்றால் கார் சார்ஜ் ஏறவே ஏறாது, பால்ட் காட்டி நிற்கும். லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டர் வையுங்கள். அதிகமாகக் காட்டினால் நியூட்ரல் இணைப்புகளையும் எர்த் குழியையும் அதற்குப் போகும் பட்டையின் போல்ட்டையும் பார்க்க வேண்டும்.

நாலாம்கியர்:
இவ்வளவையும் சொந்த வீட்டில் செய்யலாம். அடுக்ககத்தில் சங்கம் அனுமதி தராவிட்டால்? பொது பாஸ்ட் சார்ஜரை நம்பினால் யூனிட் 20 ரூபாயைச் சுற்றி, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கி.மீ.க்கு மூன்றரை ரூபாய் ஆகிவிடும். பெட்ரோலுக்கு 7. மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். தீபாவளிக்கு முந்தின நாள் சென்னை சாலையில் சார்ஜருக்கு வரிசை வேறு.

நொய்யல்கரை:
பார்க்கிங்கில் சொந்த மீட்டரிலிருந்து லைன் வராது என்றால் வாங்காதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். அதில் நமக்குள் சண்டையில்லை.

சென்னைப் பயணத்தை அளந்து பார்ப்போம். 505 கி.மீ. 95 வேகத்தில் கி.மீ.க்கு 150 வாட்-அவர் போகும். 100லிருந்து 15 சதவீதம் வரை இறக்கினால் 38 யூனிட், அதாவது 255 கி.மீ. ஆத்தூர் தாண்டிக் கள்ளக்குறிச்சிப் பக்கம் சாப்பாட்டுக்கு நிறுத்தி 80 வரை ஏற்ற 45 நிமிடம். திண்டிவனத்தில் காபிக்கு இன்னொரு 20 நிமிடம். 80க்கு மேல் பாஸ்ட் சார்ஜரில் காத்திருக்காதீர்கள், வேகம் படுத்துவிடும். இரண்டு கன் (காரில் செருகும் முனை) உள்ள 60 கிலோவாட் சார்ஜரில் பக்கத்தில் இன்னொரு கார் நின்றால் பல இடங்களில் 30, 30 ஆகப் பிரியும். ஆப்பில் அதைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்புங்கள்.

வேகம்தான் பெரிய எதிரி. 80லிருந்து 110க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

நாலாம்கியர்:
குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கும் வண்டியில் எங்கே நிற்பது என்பதை சார்ஜர் முடிவு செய்யக் கூடாது. என் எதிர்ப்பு அதுதான். ஊட்டிக்கு?

நொய்யல்கரை:
ஊட்டியில் பயமே வேண்டாம். கோவையிலிருந்து சுமார் 1,830 மீட்டர் ஏற்றம். ஆட்களோடு 1,750 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 9 யூனிட். 86 கி.மீ. ஓட்டத்துக்கு இன்னொரு 12. ஆகப் பாதி பேட்டரிக்குள் அடங்கும். இறங்கும்போது தூக்கிய 9ல் பாதிக்கு மேல் திரும்பி வரும். ஒன்றில் மட்டும் கவனம்: ஊட்டி விடுதியில் 100 வரை ஏற்றிவிட்டு இறங்கக் கூடாது. நிறைந்த பேட்டரி ரீஜெனை (இறக்கத்தில் மோட்டார் திருப்பித் தரும் கரண்டை) வாங்காது, மலைச்சாலை முழுக்க பிரேக் மட்டுமே வேலை செய்து சூடேறும். 80ல் நிறுத்துங்கள்.

ஒயரிங்மணி:
ஊரில் இருக்கும்போது கதை வேறு. எல்எப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரிக்கு நடுப்பகுதியில் வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும், மீதி எவ்வளவு என்று கணக்கிடும் கருவிக்குக் குழப்பம் வரும். கையேட்டில் சொன்ன இடைவெளியில் மெதுவான சார்ஜரில் 100 வரை ஏற்றுங்கள். ஏற்றாமலே விட்டால் 20 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது சட்டென்று கீழே விழும்.

நாலாம்கியர்:
4 லட்சம் கையில் இல்லாதவர்களுக்கு எம்ஜி வின்ட்சர் மாதிரி பேட்டரி வாடகைத் திட்டம் காட்டுகிறார்கள். 2024ல் வந்தபோது கி.மீ.க்கு 3.50. 1,000 கி.மீ.க்கு 3,500, கரண்ட் 1,290, ஆக 4,790. கார் விலை குறைந்தது போலத் தெரியும், உண்மையில் அது இன்னொரு கடன். மாதக் குறைந்தபட்ச கி.மீ. எவ்வளவு, காரை விற்கும்போது வாடகை யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

1,000 கி.மீ. ஓட்டம், சொந்த லைன், இரண்டும் இருந்தால் எடுக்கட்டும். 500 கி.மீ. வீட்டுக்கு என் பேச்சில் மாற்றமில்லை.

நொய்யல்கரை:
மணி அண்ணா, மீட்டர் அறை ஒரு மூலையில், பார்க்கிங் மறுமூலையில் என்றால் 6 ஸ்கொயர் எம்எம் தாங்குமா?

ஒயரிங்மணி:
கேபிள் போகும் வழியை டேப் வைத்து அளங்க, நேர்கோட்டை அளக்காதீங்க. 40 மீட்டர் வரை 6 போதும், 9 வோல்ட் போல இறங்கும். அதற்கு மேல் 10 ஸ்கொயர் எம்எம் ஆர்மர்டு (இரும்புக் கவசம் சுற்றிய) கேபிள். சங்கத்துக்குக் கடிதம் கொடுக்கும்போது கேபிள் போகும் பாதையை வரைந்து, எம்சிபி, ஆர்சிசிபி விவரத்தையும் எழுதி இணைத்துவிடுங்க. தீ பயத்தில் மறுப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் அந்த ஒரு தாளைத்தான்.