சிங்கிள் ஸ்பீடு (கியர் இல்லாத) சைக்கிள்: முழுசா வாங்கினீங்களா, பிரேம் மட்டுமா? டெல்டாக்காரர்கள் அனுபவம்

திருவையாறு

தஞ்சாவூர் – திருவையாறு சாலையில் மேடு என்றால் பாலம் ஏறுகிற இடம்தான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு குறுக்கே வரும். மற்றபடி சமதரை. இங்கே கியர் வண்டி தேவையில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நான் பிரேம் மட்டும் வாங்கிக் கட்டினேன். கும்பகோணத்தில் ஒரு பழைய சைக்கிள் கடையின் பின்கட்டில் கிடந்த 22 இஞ்ச் கறுப்பு பிரேம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் சேர்த்து. பிபி செட் (பெடல் சுற்றும் அச்சும் அதன் பேரிங், கப்பும்), முன்னால் 44 பல் செயின் வீல், பின்னால் 18 பல் ஃப்ரீவீல், 28 இஞ்ச் ரிம், ராடு பிரேக் எல்லாம் ஒரே தெருவில் கிடைத்தன. இந்தப் பெரிய சக்கர வண்டிகளின் அளவு பல வருஷமாக மாறவில்லை. எந்தக் கம்பெனி பிரேமாக இருந்தாலும் பெரும்பாலும் எல்லா பார்ட்ஸும் பொருந்திவிடும். ஆனால் செலவு மிச்சம் என்று யாரும் இறங்காதீர்கள். பிரேமுக்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு பார்ட்ஸுக்குப் போனது. நல்ல ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), நல்ல ஸ்போக் என்று நாமே பார்த்துப் போடலாம், அதுதான் லாபம்.

மன்னார்குடி

அண்ணன் சொன்னது கறுப்பு வண்டிக்குச் சரி. இப்போது வருகிற மெல்லிய டயர் மாடலுக்கு அப்படியே தலைகீழ்.

நான் வாங்கியது 700சி என்கிற அளவுச் சக்கரத்துக்கான அலுமினிய பிரேம். பின்சக்கரம் உட்காரும் இடத்தின் அகலம் 120 மில்லிமீட்டர். நம்மூர்க் கடையில் இருக்கும் ஹப் அதற்குக் குறுகல். பிபி கப் போட்டுப் பார்த்தால் மரை சேரவில்லை. சீட் குழாய்க்கு 27.2 மில்லிமீட்டர் கம்பி வேண்டும், கடையில் இருந்தது 25.4. கடைத் தம்பி குளிர்பான டப்பாவைக் கத்தரித்து, அந்தத் தகட்டைக் கம்பியில் சுற்றிச் செருகப் பார்த்தார். கெட்டிக்காரர்தான், ஆனால் என் எடைக்கு அது தாங்காது என்று தடுத்துவிட்டேன். அப்புறம் சென்னையிலிருந்து ஒவ்வொன்றாக வரவழைத்தேன். எனக்கு இந்த நோண்டுகிற வேலை பிடிக்கும், அதனால் வருத்தமில்லை. ஓட்டத்தான் வண்டி என்பவர்கள் இந்த வகையை முழு வண்டியாகவே வாங்குங்கள்.

இன்னொன்று. கியர் வண்டியின் பழைய பிரேம் மலிவாகக் கிடைக்கிறதென்று சிங்கிள் ஸ்பீடு கட்டப் போனால், முதலில் பின் அச்சு உட்காரும் வெட்டைப் பாருங்கள். அது படுக்கைவாட்டில் இருந்தால்தான் சக்கரத்தைப் பின்னால் இழுத்து செயினை விறைப்பாக்க முடியும். நேர்கீழாக வெட்டியிருந்தால் செயின் தொங்கும். அதை இழுத்துப் பிடிக்கத் தனியாக ஒரு உருளை மாட்ட வேண்டிவரும்.

வேதாரண்யம் (சைக்கிள் கடை)

பழைய பிரேம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். எங்கள் பக்கம் உப்பளத்துக்குப் போய்வந்த வண்டி வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே அரித்திருக்கும். பிபி கப்பைக் கழற்றச் சொல்லி அந்தக் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் இறங்கித் தேங்குகிற இடம் அதுதான். பொடி கொட்டினால் வேண்டாம்.

அடுத்து நூல் பிடிக்கணும். பின் அச்சு வெட்டு ஒன்றில் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில்பார் இறங்கும் ஹெட் குழாயைச் சுற்றி, மறுபக்க வெட்டில் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தால் சமமாக இருக்க வேண்டும். ஒருபக்கம் கூடியிருந்தால் பின்பக்கம் கோணல், எங்கோ இடி வாங்கிய வண்டி. இரும்பு பிரேம் என்றால் கொஞ்சம் கோணலை நிமிர்த்திவிடலாம். அலுமினியத்தை நிமிர்த்தப் போனால் விரிசல் விடும், தொடாதீர்கள்.

பாபநாசம்

நான் மெல்லிய டயர் மாடலை முழு வண்டியாகத்தான் வாங்கினேன். முன்னால் 46 பல், பின்னால் 16. ஒரு மிதிக்கு ஆறு மீட்டர் போகும், ரோடில் பறக்கலாம். ஆனால் ஆடியில் தஞ்சாவூர் நோக்கி மேற்கே மிதித்துப் பாருங்கள், எதிர்காற்றில் மூச்சு வாங்கிவிடும். ஃப்ரீவீலை மட்டும் கழற்றி 18 பல் போட்டேன், இப்போது பரவாயில்லை. முழு வண்டி வாங்குகிறவர்கள் கடையில் நிற்கும்போதே இதைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காயும். மெல்லிய டயர் அதன்மேல் வழுக்கும், பிரேக் போடாமல் மெதுவாகக் கடக்க வேண்டும். என் மைத்துனனின் கியர் வண்டியில் பின்னால் இருக்கும் குட்டிப் பல்சக்கரத்தில் வைக்கோல் சுற்றி, வரப்போரம் உட்கார்ந்து கத்தியால் அறுத்தெடுத்தோம். சிங்கிள் ஸ்பீடில் அந்த வம்பே இல்லை. ஃப்ரீவீல் ஓரத்தில் நாலு இழை சுற்றும், கையாலேயே உருவிவிடலாம்.

திருவையாறு

பாபநாசம் தம்பிக்கு: 18 பல் போட்டதும் செயின் நீளம் போதுமா என்று பார்த்தீர்களா? சக்கரம் வெட்டின் முன்நுனியில் ஒட்டி நின்றால் இரண்டு கண்ணி சேர்த்துவிடுங்கள். அப்புறம், முழு வண்டி வாங்கினாலும் கடையில்தான் பூட்டித் தருகிறார்கள். கொஞ்ச நாள் ஓட்டியதும் அதே கடைக்குப் போய் ஸ்போக்கை இறுக்கிக் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். கறுப்பு வண்டி என்றால் கிராங்க்கை (பெடல் கையை) அச்சோடு பிடிக்கும் காட்டர் பின்னையும் ஒரு தட்டுத் தட்டி நட்டை இறுக்கச் சொல்லணும்.